சுருள் பாஸ்தாவைப் பதமாக வேகவைப்பதும் அதற்கேற்ற சாஸ்களும்

சென்னை வீடுகளின் சமையலறை அடுக்கில் பெரும்பாலும் மூன்று வகைப் பாஸ்தாக்களே இருக்கின்றன: குழலாக வெட்டிய பென்னே, வளைந்த மக்ரோனி, திருகிய ஃபுசில்லி. இம்மூன்றில் சாஸை நன்றாகப் பிடித்துக்கொள்வது ஃபுசில்லி எனப்படும் சுருள் பாஸ்தாதான். பதம் தவறினால் விரைவில் உருக்குலைந்து போவதும் அதுதான். இரண்டுக்கும் காரணம் அதன் வடிவமே. நடுவில் தடித்த ஒரு தண்டும் அதைச் சுற்றி ஓடும் மெல்லிய இதழ்களுமாக அது அமைந்திருக்கிறது. இதழ்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் சாஸ் தங்குகிறது. ஆனால் இதழ் மெலிந்தும் தண்டு தடித்தும் இருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் வேகுவதில்லை. எனவே சுருள் பாஸ்தாவைச் சமைப்பவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. இதழ் கிழியாமல் தண்டு வேக வேண்டும். பள்ளத்தில் போய் உட்காரக்கூடிய சாஸாக அமைய வேண்டும்.

பொட்டலத்தைத் தேர்ந்தெடுத்தல்

தென் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரம் அமைந்துள்ள கம்பானியா வட்டாரத்தில், ஃபுசில்லியைக் கையால் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மாவுத் துண்டை மெல்லிய இரும்புக் கம்பியின் மேல் வைத்து உருட்டி, பிறகு கம்பியை உருவி எடுத்துவிடுவார்கள். நமக்குக் கடையில் கிடைப்பது ஆலையில் பிழியப்பட்டது. முறுக்கு அச்சில் மாவைப் பிழிவது போலவேதான் அங்கும் நடக்கிறது. கெட்டியான ரவை மாவு அச்சின் துளைகள் வழியே அழுத்தப்படுகிறது, துளையின் அமைப்பே மாவைத் திருகி வெளியே அனுப்புகிறது. அச்சு வெண்கலத்தால் ஆனதென்றால் பாஸ்தாவின் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் சற்று வெளிறியும் இருக்கும். டெஃப்லான் பதித்த அச்சென்றால் வழவழப்பாகவும் மஞ்சளாகப் பளபளத்தும் இருக்கும். சொரசொரப்பான மேற்பரப்பில் சாஸ் ஒட்டும் என்பதால், விலை கட்டுப்படியாகும்போது வெண்கல அச்சுப் பாஸ்தாவையே வாங்கலாம். ஆனால் தினசரிச் சமையலுக்கு அது கட்டாயமில்லை, ஏனெனில் நீண்ட கம்பி போன்ற ஸ்பகெட்டியைப் போல மேற்பரப்பை மட்டுமே நம்பியிருக்கும் வடிவம் இதுவன்று, பள்ளங்கள் இருக்கின்றன.

அச்சைவிட முக்கியமானது மாவு. நல்ல பாஸ்தா டூரம் எனப்படும் கடினக் கோதுமையின் ரவையில் செய்யப்படுவது. இத்தாலியில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உலர் பாஸ்தாவை டூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று விதித்தது. நம் ஊரில் அத்தகைய கட்டாயம் இல்லாததால், ஒரே அலமாரியில் டூரம் ரவைப் பாஸ்தாவும் மைதாவோ சாதாரண ரவையோ கலந்த பாஸ்தாவும் அருகருகே நிற்கின்றன. பொட்டலத்தின் பின்புறத்தில் சேர்பொருள் பட்டியலைப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. டூரம் கோதுமை ரவை என்று மட்டும் எழுதியிருந்தால் அதை எடுக்கலாம். 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமோ அதற்கு மேலோ என்றிருந்தால் இன்னும் நல்லது. வேகும்போது ரவையிலுள்ள மாவுச்சத்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் அளவில் நீரை உறிஞ்சி உப்புகிறது. அதைச் சிதறவிடாமல் வலைபோல் பிடித்து வைத்திருப்பது புரதம். புரதம் குறைந்த மைதாப் பாஸ்தாவில் அந்த வலை வலுவற்றது, ஆகவே மாவுச்சத்து நீரில் கரைந்து இதழ்கள் கொழகொழத்துப் போகின்றன. அதை எவ்வளவு கவனமாக வேகவைத்தாலும் ஓரளவுக்கு மேல் பயனில்லை.

சிறுதானியப் பாஸ்தாவும் இப்போது சென்னைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கேழ்வரகு, தினை, கம்பு என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தாலும் பலவற்றில் கோதுமையும் கலந்திருக்கும். கோதுமை சேரக்கூடாதவர்கள் பின்பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். முழுக்கச் சிறுதானியத்திலேயே செய்ததென்றால் அதில் குளூட்டன் எனப்படும் கோதுமைப் புரதம் இல்லை. அதனால் சுருள் வடிவம் எளிதில் உடையும். தண்ணீரைச் சற்றுக் கூடுதலாக வைத்து, கிளறலைக் குறைத்து, பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு முன்பே கடித்துப் பார்த்து இறக்கிவிட வேண்டும். வாணலியில் போட்டு நெடுநேரம் பிரட்டவும் கூடாது.

பச்சை, சிவப்பு, மஞ்சள் என மூன்று நிறங்களில் வரும் சுருள்கள் குழந்தைகளுக்குப் பிடிக்கும். சுவையில் பெரிய வேறுபாடு இல்லை.

உலர் பாஸ்தாவில் ஈரம் 12.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இத்தாலிய விதி. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் திறந்த பொட்டலத்தைக் கிளிப் போட்டு வைப்பது போதாது. இறுக்கமாக மூடும் டப்பாவில் கொட்டி வைத்தால் வண்டும் வராது, சுருளும் நமுத்துப் போகாது.

தண்ணீர், உப்பு, நேரம்

இத்தாலியர்கள் கடைப்பிடிக்கும் பழைய கணக்கு எளிமையானது: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நான்கு பேருக்கு 300 கிராம் என்றால் 3 லிட்டர். ஸ்பகெட்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். சுருள் பாஸ்தா குட்டையானது, முழுவதும் நீரில் மூழ்கிவிடும் என்பதால் 300 கிராமுக்கு 2 லிட்டரே போதும் என்பது என் கருத்து. எரிவாயுவும் மிச்சமாகும், வடிக்கும் நீரில் மாவுச்சத்தின் செறிவும் கூடும். அந்தச் செறிவு பிறகு சாஸில் நமக்குத் தேவைப்படும். ஆனால் தண்ணீரைக் குறைத்தால் கிளறுவதில் சோம்பல் கூடாது.

அளவைப் பற்றி ஒரு சொல். இத்தாலியில் ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் வரை உலர் பாஸ்தா எடுப்பார்கள். இங்கே மாலைச் சிற்றுண்டிக்கு 60 கிராமும் இரவு உணவுக்கு 75 கிராமும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வெந்தபின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதை நினைவில் வைத்தால், வாணலி நிறைந்து பிரட்ட இடமில்லாமல் போவதைத் தவிர்க்கலாம்.

சென்னையில் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல பகுதிகளில் கடினமானது, கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உவர்ப்பும் சேர்ந்திருக்கும். கடினநீர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. காரத்தன்மையுள்ள நீரில் பாஸ்தாவின் மேற்பரப்பிலிருந்து மாவுச்சத்து கூடுதலாகக் கரைந்து, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே பாஸ்தாவுக்குக் குடிநீரை, அதாவது கேன் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ, பயன்படுத்துவது நல்லது. கிணற்று நீரைத் தவிர வேறு வழியில்லையென்றால் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஒட்டும் தன்மை குறையும். நீர் உவர்ப்பாக இருந்தால் உப்பை முதலில் பாதியாகக் குறைத்து, சுவைத்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உப்பை 2 லிட்டருக்கு 20 கிராம் வரை போடலாம். தூள் உப்பில் தட்டையாக அள்ளிய மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல். இது அதிகமாகத் தோன்றும். ஆனால் பெரும்பகுதி நீரோடு போய்விடும், பாஸ்தா சிறிதளவே உறிஞ்சும். வடித்த நீரைச் சாஸில் நிறையச் சேர்க்கப் போகிறோம் என்றாலோ, உப்பு மிகுந்த சீஸைப் போடப்போகிறோம் என்றாலோ 12 முதல் 14 கிராம் போதும். கொதி வந்தபின் உப்பைப் போட்டு, கரைந்ததும் பாஸ்தாவைப் போட வேண்டும். எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம்: எண்ணெய் நீரின் மேல் மிதக்குமே தவிரச் சுருள்களைப் பிரித்து வைக்காது, வடிக்கும்போது மேலே படிந்து சாஸைத்தான் வழுக்கிவிடும். ஒட்டாமல் காப்பது கரண்டிதான். முதல் இரண்டு நிமிடங்களில் மேற்பரப்பு மாவுச்சத்து உப்பிப் பசையாகும். அந்த நேரத்தில் அடிவரை கரண்டியை விட்டு விடாமல் கிளற வேண்டும். பிறகு ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை போதும். சோறு வடிக்கும் அகலமான பாத்திரமே இதற்கு ஏற்றது. மூடி வைத்தால் நுரை பொங்கி அடுப்பில் வழியும்.

குக்கரில் ஒரு விசில் விட்டு எடுக்கும் முறை பலரிடம் இருக்கிறது. மக்ரோனிக்கு அது ஓரளவு சரி. சுருளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அழுத்தத்தில் இதழ்கள் முதலில் வெந்து தண்டிலிருந்து பிய்ந்துவிடுகின்றன, மூடியைத் திறக்க முடியாததால் பதம் பார்க்கவும் வழியில்லை.

பொட்டலத்தில் பெரும்பாலும் 9 முதல் 12 நிமிடம் என்று அச்சிட்டிருப்பார்கள். சென்னை கடல் மட்டத்தை ஒட்டியிருப்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, அச்சிட்ட நேரம் இங்கே பொருந்தும். ஊட்டியில் கொதிநிலை ஏறக்குறைய 93 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் அங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். இருந்தாலும் கடிகாரத்தைவிடப் பல்லையே நம்ப வேண்டும். அச்சிட்ட நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பாகவே ஒரு சுருளை எடுத்து நடுத்தண்டைக் கடித்துப் பார்க்க வேண்டும். இதழை மட்டும் நுனிப்பல்லால் கடித்தால் வெந்துவிட்டது என்றே தோன்றும், ஏமாறக்கூடாது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தண்டின் மையத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி ஊசிமுனை அளவுக்குச் சிறுத்து, கடிக்கும்போது லேசான எதிர்ப்பு மட்டும் இருக்கும் நேரமே இறக்கும் நேரம். மீதி வேக்காடு சாஸில் நடக்கும்.

வாணலியில் சேர்த்தல்

பாஸ்தாவைத் தனியாக முழுக்க வேகவைத்து, தட்டில் போட்டு, மேலே சாஸை ஊற்றிப் பரிமாறுவதுதான் சுருள் வடிவத்தின் பயனை முற்றிலும் வீணாக்கும் முறை. சாஸ் மேலே நிற்கும், பள்ளங்கள் காலியாகக் கிடக்கும், இரண்டு வாய்க்குப் பிறகு வெறும் மாவைத் தின்பது போலிருக்கும்.

சாஸ் அகலமான வாணலியில் தயாராக, மிதமான சூட்டில் இருக்க வேண்டும். பாஸ்தா சாஸுக்காகக் காத்திருக்கக்கூடாது, சாஸ்தான் பாஸ்தாவுக்காகக் காத்திருக்க வேண்டும். இறக்குவதற்கு முன் ஒரு பெரிய டம்ளர் நிறையப் பாஸ்தா வேகும் நீரை எடுத்து வைத்துக்கொண்டு, ஜல்லிக்கரண்டியால் சுருள்களை அள்ளி நேரே வாணலியில் போடலாம். வடிதட்டில் கொட்டினாலும் சரிதான், ஆனால் சோறு வடிக்கும் பழக்கத்தில் கவிழ்த்து வைத்துச் சொட்டுச் சொட்டாக வடியவிடக்கூடாது. சற்று ஈரத்தோடேயே வாணலிக்குப் போக வேண்டும். குளிர்ந்த நீரில் அலசுவதும் கூடாது, மேற்பரப்பில் இருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடிக்கும் பசை.

இனி தீயைச் சற்றுக் கூட்டி, அரை டம்ளர் பாஸ்தா நீரை ஊற்றி, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் வாணலியைக் குலுக்கியபடி பிரட்ட வேண்டும். நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் ஒன்றாகச் சேர்த்துக் குழைவாக்கும். ஊற்றியவுடன் நீர்த்தது போல் தோன்றினாலும் அஞ்ச வேண்டியதில்லை, சுருள் உறிஞ்ச உறிஞ்ச இறுகிக்கொண்டே வரும். வாணலியின் அடியில் கரண்டியால் கோடு இழுத்தால் கோடு ஒரு நொடி நின்று பிறகு மூடிக்கொள்ளும் பதத்தில் அடுப்பை அணைக்கலாம். சீஸ் போடுவதென்றால் அணைத்தபின்தான் போட வேண்டும். பார்மெசான் போன்ற முதிர்ந்த சீஸ் அதிகச் சூட்டில் புரதம் திரண்டு கட்டிக்கட்டியாகிவிடும். கடையில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் கட்டிகளில் கொழுப்பும் நீரும் பிரியாமல் தடுக்கும் உப்புகள் சேர்த்திருப்பதால் அவை சூட்டைத் தாங்கும். ஆனால் அவற்றில் உப்பு கூடுதல்.

தக்காளிச் சாஸ்

இந்த வடிவத்துக்கு நாள்தோறும் செய்யத்தக்க சாஸ் இதுதான். சென்னைச் சந்தையில் இரண்டு தக்காளிகள் உள்ளன. மெல்லிய தோலும் நிறையச் சாறும் புளிப்பும் கொண்ட நாட்டுத் தக்காளி ரசத்துக்கு உயர்ந்தது; ஆனால் சாஸுக்கு வற்றவைக்க நேரம் பிடிக்கும். நீளவாட்டமான, சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியில் சுவை சற்று மட்டமென்றாலும் கெட்டி எளிதில் வரும். மூன்று பங்கு பெங்களூர்த் தக்காளிக்கு ஒரு பங்கு நாட்டுத் தக்காளி கலந்தால் கெட்டியும் புளிப்பும் சேர்ந்து அமையும்.

300 கிராம் பாஸ்தாவுக்கு 750 கிராம் தக்காளி வேண்டும். நன்றாகப் பழுத்ததை எடுத்து, அடியில் பிளஸ் குறி போலக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரித்து, கையால் பிசைந்துகொள்ள வேண்டும். மிக்ஸியில் அரைக்கக்கூடாது. வழவழவென்று அரைத்த சாஸ் சுருளின் மேல் வழிந்து ஓடும். சிறு சதைத்துண்டுகள் இருந்தால்தான் பள்ளத்தில் தங்கும். மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைச் சிறுதீயில் சூடாக்கி, நான்கைந்து பூண்டுப் பற்களைத் தட்டிப் போட்டு, நிறம் மாறும் முன்பே தக்காளியைக் கொட்ட வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல் போதும், அதன் காரமும் மணமும் அத்தகையவை. அரைத் தேக்கரண்டி உப்பு, உடைத்த குண்டு மிளகாய் ஒன்று. மூடாமல் 20 முதல் 25 நிமிடம் வற்றவைத்தால் ஓரத்தில் எண்ணெய் பிரியும். புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை போடுவதைவிட, துருவிய கேரட் ஒரு கைப்பிடியைத் தக்காளியோடு சேர்த்து வேகவிடுவது நல்லது. இனிப்பும் வரும், சாஸுக்குக் கெட்டியும் வரும்.

ஆலிவ் எண்ணெய் இல்லாதபோது கடலை எண்ணெய் பரவாயில்லை. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம். அதன் வாசனை தக்காளியையும் துளிர் இலைகளையும் அடக்கி ஆண்டுவிடும். இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் சேர்த்தால் அது வேறோர் உணவு. அதைச் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குத் தக்காளியை இவ்வளவு பொறுமையாக வற்றவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெங்காயம், குடைமிளகாய், சுரைக்காய் எதைச் சேர்த்தாலும் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். காய்த்துண்டு பள்ளத்தைவிடப் பெரிதாக இருந்தால் அது தனியாக, பாஸ்தா தனியாக என்றுதான் முள்கரண்டியில் வரும். இதே சாஸில் அரை அங்குலமாக நறுக்கிப் பொரித்த கத்திரிக்காயைக் கலந்தால் சிசிலியின் கத்தானியா நகரத்து நோர்மா பாஸ்தாவின் சாயல் கிடைக்கும். அங்கே மேலே துருவிப் போடும் உப்பிட்ட ரிகோட்டா சீஸுக்குப் பதிலாக, உப்பு தூவிப் பாரம் வைத்து இறுக்கிய பனீரை உதிர்த்துப் போடலாம்.

பெஸ்டோ

சுருளுக்கென்றே செய்தது போன்ற சாஸ் என்றால் அது இத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பெஸ்டோ என்ற பச்சை இலை விழுது. அந்த வட்டாரத்தில் ட்ரோஃபியே என்ற, கையால் திருகிய சிறு பாஸ்தாவோடு அதைச் சாப்பிடுகிறார்கள். திருகிய வடிவத்துக்கும் பச்சை விழுதுக்கும் உள்ள பொருத்தத்துக்கு அதுவே சான்று. பேசில் இலை, பைன் பருப்பு, பூண்டு, உப்பு, பார்மெசான், பெகோரினோ எனப்படும் செம்மறியாட்டுப் பால் சீஸ், ஆலிவ் எண்ணெய், இவ்வளவுதான்.

பேசில் இலைக்காகத் துளசியைப் பறிக்க வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பத்தவை என்றாலும் வேறு வேறு இனங்கள்; துளசியில் பெஸ்டோ அரைத்தால் கஷாய வாடைதான் வரும். இத்தாலியப் பேசிலின் அதே தாவர இனத்தைச் சேர்ந்தது நம் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதை தருவது அதுதான். மணம் இத்தாலிய வகையைவிடக் கூர்மையானது, எனவே இளந்தளிரை மட்டும் பயன்படுத்தி, அளவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பாலக் கீரையைச் சேர்த்துக்கொண்டால் கூர்மை தணியும். மாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் பூங்கதிர் வந்தவுடன் கிள்ளிவிட வேண்டும். பூத்தபின் இலை கசக்கும்.

300 கிராம் பாஸ்தாவுக்கு 60 கிராம் இலை, பைன் பருப்புக்குப் பதிலாக 30 கிராம் பண்ருட்டி முந்திரி, ஒரு சிறு பல் பூண்டு, துருவிய பார்மெசான் 50 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மில்லிலிட்டர். ஜெனோவாவில் பளிங்கு உரலில் மரக்குழவியால் இடிக்கிறார்கள். நம் வீட்டுச் சிறு கல்லுரல் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. முதலில் பூண்டையும் உப்பையும், பிறகு முந்திரியை, பிறகு இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் சீஸையும் எண்ணெயையும் சேர்க்க வேண்டும். மிக்ஸியில்தான் செய்ய வேண்டுமென்றால், சென்னை வெயிலில் ஜார் விரைவில் சூடாகி இலை கறுத்துவிடும் என்பதால், ஜாரையும் எண்ணெயையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். இலைகளைக் கொதிநீரில் சில நொடிகள் முக்கி உடனே பனிநீரில் போட்டுப் பிழிந்துகொண்டால் நிறம் இன்னும் நிற்கும், மணம் சற்றுக் குறையும்.

பெஸ்டோவை ஒருபோதும் அடுப்பில் வைக்கக்கூடாது. அகலப் பாத்திரத்தில் விழுதை எடுத்து, இரண்டு மூன்று கரண்டி சூடான பாஸ்தா நீரை ஊற்றி இளக்கி, வடித்த சுருள்களை அதில் கொட்டிப் பிரட்ட வேண்டும். தண்டின் வேக்காட்டை முடிக்க வாணலி இல்லாததால், பெஸ்டோவுக்கு மட்டும் பாஸ்தாவை முழுப்பதம் வரை வேகவிடுவது முறை. ஜெனோவாக்காரர்களின் இன்னொரு வழக்கமும் நமக்கு ஏற்றது. பாஸ்தா வேகும் அதே நீரில் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் சேர்த்து வேகவைப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டமாக வெட்டிய கிழங்கைப் பாஸ்தாவுக்கு மூன்று நிமிடம் முன்பும், பொடியாக நறுக்கிய பீன்ஸைப் பாஸ்தாவோடும் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்து வரும். கிழங்கு சற்றுக் கரைந்து விழுதோடு கலப்பதுதான் அதன் அழகு.

கொத்தமல்லி, புதினா அரைத்து அதைப் பெஸ்டோ என்று அழைப்பதை நான் ஏற்பதில்லை. அது நல்ல துவையல். வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் வைத்து நீர்க்க அரைத்து இந்தச் சுருளில் பிரட்டினால் அருமையாகவே இருக்கும். பார்மெசானை மட்டும் அதன் மேல் தூவ வேண்டாம், எலுமிச்சை பிழிந்தால் போதும்.

கொத்துக்கறிச் சாஸ்

பொலோனியா நகரத்து இறைச்சிச் சாஸின் செய்முறையை இத்தாலியச் சமையல் கழகம் 1982-இல் அந்நகர வர்த்தகச் சபையில் பதிவு செய்தது. அங்கே அதை அகல நாடா போன்ற தாலியதெல்லேயோடு சாப்பிடுவார்கள்; ஆனால் பொடி இறைச்சியைப் பிடிப்பதில் சுருளும் குறைந்ததில்லை. மாட்டிறைச்சிக்குப் பதில் ஆட்டுக் கொத்துக்கறி 400 கிராம் எடுக்கலாம். கடைக்காரரிடம் சற்றுக் கொழுப்போடு, மிகப் பொடியாகக் கொத்தித் தரச் சொல்ல வேண்டும். வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கி எண்ணெயில் பொன்னிறத்துக்கு முன்பு வரை வதக்கி, கறியைப் போட்டு, அதன் நீர் முழுவதும் வற்றி, சத்தம் மாறிப் பொரியத் தொடங்கும் வரை விட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கறி வெந்த வாடையோடு நின்றுவிடும், வறுத்த சுவை வராது. பிறகு பிசைந்த தக்காளி 250 கிராம், அரை டம்ளர் பால், மிளகுத்தூள், உப்பு. சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடுவது சிறப்பு. குக்கரில் முதல் விசிலுக்குப்பின் தீயைக் குறைத்து 20 நிமிடம் வைத்து, திறந்தபின் பத்து நிமிடம் வற்றவைத்தாலும் மோசமில்லை. பட்டை, கிராம்பு வேண்டாம். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் முந்தின இரவே செய்து குளிர்பெட்டியில் வைக்கலாம்.

வெள்ளைச் சாஸ்

சென்னை உணவகங்களில் அதிகம் கேட்கப்படுவது இதுவே, வீட்டில் அதிகம் கெட்டுப்போவதும் இதுவே. காரணம், தொடக்கத்திலேயே கெட்டியாகச் செய்துவிடுவது. 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவைச் சிறுதீயில் பச்சை வாடை போகும்வரை இரண்டு நிமிடம் வறுத்து, 600 மில்லிலிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறி, ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு உறை ஆவின் பால் இதற்குப் பொருத்தமானது, தனியாகக் கிரீம் தேவைப்படாது. உப்பு, மிளகு, ஜாதிக்காய் ஒரு துருவல். கரண்டியிலிருந்து தாராளமாக ஓடும் பதத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் பள்ளங்களில் புகுந்தபின் சுருள் உறிஞ்சி இறுக்கிவிடும். காளானைச் சேர்ப்பதென்றால் தனி வாணலியில் பெருந்தீயில் அதன் நீர் வற்றும்வரை வதக்கிக் கடைசியில் கலக்க வேண்டும். தக்காளிச் சாஸையும் கிரீமையும் கலந்து இளஞ்சிவப்புச் சாஸ் செய்பவர்கள், கடைக் கிரீமில் கொழுப்பு 25 சதவீத அளவே இருப்பதால் புளிப்பில் கொதித்தால் திரியும் என்பதை மனத்தில் கொண்டு, அடுப்பை அணைத்தபின் ஊற்ற வேண்டும்.

பூண்டும் எண்ணெயும் மட்டும் சேர்த்த சாஸைச் சுருளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் பள்ளத்தில் தேங்கி வாயில் கொழகொழக்கும். அது ஸ்பகெட்டிக்கு உரியது. இறாலைப் பயன்படுத்துவதென்றால் காசிமேட்டில் கிடைக்கும் சிறிய இறாலே மேல். பெரியதென்றால் மூன்றாக நறுக்கி, தக்காளிச் சாஸில் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் வேகவிடலாம்.

டிபன் பெட்டிக்கும் மறுநாளைக்கும்

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பாஸ்தாவுக்கு விதிகள் சற்று மாறும். ஆறும்போது மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால், சாப்பாட்டு மேசைக்கு ஏற்ற பதத்தில் எடுத்த சுருள் மதியம் விறைப்பாக இருக்கும். எனவே ஒரு நிமிடம் கூடுதலாக வேகவைக்க வேண்டும். வெள்ளைச் சாஸ் பெட்டிக்கு ஆகாது. நான்கு மணி நேரத்தில் களியாகிவிடும், பால் சேர்ந்ததால் வெயிலில் கெடவும் கூடும். எண்ணெய் சற்றுத் தூக்கலான தக்காளிச் சாஸில் வேகவைத்த நீரைக் குறைத்து உலர்வாகப் பிரட்டி, முழுவதும் ஆறுமுன் மூடாமல், ஆவி அடங்கியபின் மூடினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். குளிர்ந்த சாலடுக்கு மட்டும் அலசுவதை அனுமதிக்கலாம்: வடித்தவுடன் குளிர்நீர் காட்டி, நன்றாக நீர் வடித்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் முதலில் கலந்து, வெள்ளரியும் வேகவைத்த கொண்டைக்கடலையும் பிறகு சேர்க்க வேண்டும்.

மீந்த பாஸ்தாவைச் சென்னைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை நேரடியாக மைக்ரோவேவில் வைத்தால் இதழ் நுனிகள் காய்ந்து கடினமாகும். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பாஸ்தாவைப் போட்டு, மூடி ஒரு நிமிடம் வைத்து, பிறகு திறந்து மெதுவாகப் பிரட்டினால் சாஸ் மறுபடி இளகும். வெள்ளைச் சாஸில் செய்ததென்றால் தண்ணீருக்குப் பதில் பாலை ஊற்ற வேண்டும். பெஸ்டோ என்றால் சூடாக்காமல், வெளியே சிறிது நேரம் வைத்துக் குளிர் போனபின் அப்படியே சாப்பிட்டுவிடலாம்.